எல்லாம் பார்த்தாச்சு

கடலோரத்தில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு இருக்கிறது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். சாவியைக் கொடுக்கும்போதே எங்கே போகலாம், என்ன பார்க்கலாம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவேன். கலங்கரை விளக்கம், நண்டுப் பாறை, கழிமுகத்தில் என் வீட்டுக்காரர் ஓட்டும் படகு, மணல்மேட்டுக்குப் பின்னால் கொக்குகள் இறங்கும் சதுப்பு. "முதல்ல அவங்க செருப்பைக் கழட்டட்டும்டி" என்பார் அவர். அவருக்கென்ன! எங்கள் கடலை யாராவது சப்பென்று பேசினால் எனக்கல்லவா பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு முறை ஒரு டீச்சர் தனியாக வந்தாள். நான் பேச்சில் கலங்கரை விளக்கத்தில் பாதிகூட ஏறியிருக்க மாட்டேன், அவளுக்குக் கண் சொருகிவிட்டது.

"கோச்சுக்காதீங்கக்கா. நான் எதையும் பார்க்க வரல, தூங்க வந்தேன். வீட்டுல மூணு வாண்டுங்க, கடைசி ரெண்டும் இரட்டை. ஒரு ராத்திரி முழுசா தூங்கி எத்தனை வருஷம் ஆச்சுன்னே தெரியல. நாளன்னிக்குக் காலைல கிளம்பணும்."

எனக்குச் சுருக்கென்றது. தூங்குவதற்கு எதற்கம்மா கடல்? ஆனால் அவள் கண்ணுக்கடியில் இருந்த கருவளையத்தைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட சுத்திப் பார்க்கப் போறேன்னுதான் சொல்லியிருக்கேன்" என்று தன் போனை என் கையில் திணித்தாள். "பிள்ளைங்களுக்கு ஜுரம் கிரம்னா மட்டும் எழுப்புங்கக்கா."

படுத்தவள் படுத்தவள்தான். போன்தான் ஓயவில்லை. சின்னவன் சாக்ஸ் எங்கே, சர்க்கரை டப்பா எங்கே, பெரியவள் சீப்பு எங்கே. சொந்த வீட்டில் குடியிருக்கிற மனுஷன் கேட்கிற கேள்வியா இதெல்லாம்?

"லைட்ஹவுஸ் உச்சில நிக்கிறாங்க தம்பி. போனை இங்கயே வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

"அப்படியா? அங்க என்னக்கா இருக்கு?"

அவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார். நானும் தொடங்கிவிட்டேன். அடுத்த முறை கூப்பிட்டபோது அவளை நண்டுப் பாறைக்கு அனுப்பினேன், அதற்கடுத்து படகில் ஏற்றினேன். சிவப்பு நண்டுகள் வரிசையாக ஓடுவதையும், படகோடு போட்டி போட்டுக்கொண்டு மீன்கள் துள்ளுவதையும் சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது.

"பொய் சொன்னாலும் அளவாச் சொல்லுடி" என்றார் என் வீட்டுக்காரர்.

"எது பொய்? எல்லாம் இருக்கறதுதானே? அவ அங்க இல்ல, அவ்வளவுதான்."

மறுநாள் காலை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. டீச்சரின் கணவரும் மூன்று வாண்டுகளும் இறங்கினார்கள். "நீங்க சொன்னதக் கேட்டப்புறம் வீட்டுல இருப்புக் கொள்ளலக்கா. இவங்க வேற நண்டு பார்க்கணும்னு ஒரே அடம்!"

ஒரு முழுப் பகலும் ஒரு இரவும் அவளுக்கு இன்னும் மிச்சம் இருந்தது. என் வாய்க்கொழுப்பால் அதைக் கெடுத்துவிட்டேனே!

சத்தம் கேட்டு டீச்சர் கதவைத் திறந்தாள். கலைந்த தலை, கன்னத்தில் தலையணைத் தடம். பிள்ளைகள் ஓடிப்போய் அவள்மேல் தொற்றிக்கொண்டன. ஒவ்வொன்றையும் அணைத்து முத்தம் கொடுத்தாள். அதில் ஒரு குறையும் இல்லை.

"லைட்ஹவுஸ், நண்டுப் பாறை, படகெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்றார் கணவர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கொடியில் காய்ந்த துண்டைப் பார்த்தேன்.

"பிரமாதம்ங்க. நண்டுப் பாறை அதைவிடப் பிரமாதம். படகுல போகாம மட்டும் திரும்பாதீங்க. இவங்களுக்கு எல்லாத்தையும் நிதானமா காட்டுங்க."

"நீயும் வா, சேர்ந்தே போலாம்."

"எனக்கெதுக்குங்க? நான்தான் எல்லாம் பார்த்தாச்சே!"

சின்னவனைத் தூக்கி அவர் இடுப்பில் வைத்தாள். "இருட்டறதுக்குள்ள வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு இரண்டு என அவர் திருதிருவென விழித்தார். கதவைத் தட்டக் கையைத் தூக்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கினார்.

"அக்கா, இவங்க தொப்பியெல்லாம் எங்க இருக்கும்?"

"நீங்கதானே எடுத்துட்டு வந்தீங்க? கார்ல தேடுங்க தம்பி," என்றேன். "சத்தம் போடாம தேடுங்க."