சாட்சிக்கு விழுந்த ஸ்டே

லென் ஹுதாக்குக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்று மத்தியானம் அவர் மனைவி மரியனின் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனபோது டாக்டர் வந்தாரா, இல்லையா? கூப்பிட்டதும் வந்துவிட்டார் என்றது மருத்துவமனைக் குறிப்பேடு. பித்தப்பையில் கல் எடுக்கப் போனவள் பெட்டியில் திரும்பி வந்தாள். குறிப்பேட்டை லென் நம்பவில்லை.

விஷயம் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அன்று மரியனைப் பார்த்துக்கொண்ட, எழுபது தாண்டியும் வேலையை விடாத நர்ஸ் டோலொரெஸ் யானிக். ஒரே ஊர், ஒரே மாதா கோயில். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் மீன் வறுத்து ஊருக்கே போடுவார்கள். பென்சில்வேனியாவின் அந்தப் பக்கத்தில் அதற்கு வராதவன் ஊர்க்காரனே இல்லை. கூடவே பியரோகி என்ற கொழுக்கட்டையும் உண்டு. லென் அதற்கு மாவைத் தேய்த்து வட்டம் வட்டமாக வெட்டுவார். டோலொரெஸ் உருளைக்கிழங்கை உள்ளே வைத்து மடித்து ஓரத்தை அழுத்துவாள். பியரோகிக்கு அவள் கைதான் கை.

வழக்குப் போட்ட வருஷம், மடித்துக்கொண்டே அவள் ஆரம்பித்தாள். "லென், அன்னைக்கு நடந்ததை உன்கிட்ட சொல்லாம எனக்கு நெஞ்சே ஆற மாட்டேங்குது."

லென் தடுத்துவிட்டார். வழக்கைப் பற்றிச் சாட்சிகளிடம் மூச்சு விடக்கூடாது என்று வக்கீல் ஃபரினெல்லி கண்டித்துச் சொல்லியிருந்தார். தவிர, லென் ஒருமுறை ஜூரியில் உட்கார்ந்தவர். சத்தியம் செய்து சொல்வதுதான் சொல், மற்றதெல்லாம் ஊர்வம்பு என்று நினைக்கிற ரகம்.

"இங்க வேண்டாம், டோலொரெஸ். முறையா கேப்பாங்க. அப்ப சொல்லு."

முறையாகக் கேட்க ஒரு செவ்வாய்க்கிழமையும் குறித்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால் மருத்துவமனையின் முதலாளிக் கம்பெனி டெக்சஸில் திவால் மனு போட்டது. போட்ட நிமிஷமே அதன் மேலிருந்த வழக்கெல்லாம் ஸ்டே. மரியன் என்ற பெயரையே கேட்டிராத நீதிபதி ஒருவர் அங்கே மனசு வைத்தால்தான் இங்கே வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கலாம். ஒரு சாட்சியையாவது விசாரிக்க விடுங்கள், அவருக்கு வயது எழுபத்தாறு என்று ஃபரினெல்லி மனு போட்டார். தள்ளிவைத்தார்கள். மறுபடி தள்ளிவைத்தார்கள். கம்பெனி கைமாறுகிறது என்றார்கள், ஆட்சேபம் வந்திருக்கிறது என்றார்கள். செத்தவளுக்கு என்ன அவசரம் என்று மட்டும் எழுதவில்லை.

அடுத்த தவக்காலத்தில் டோலொரெஸ் மாவுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், லென்னும்தான். அதற்கடுத்ததில் உருளைக்கிழங்கு வைக்காமலே வெறும் மாவை மடித்து அடுக்கினாள். யாரும் சிரிக்கவில்லை. லென்னுக்கு இப்போதே கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. சாட்சியைக் கலைத்துவிட்டான் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளுமே என்று விழுங்கிவிட்டார். அதை நினைத்து அவர் பின்னால் தன்னையே திட்டாத நாளில்லை.

நான்காவது வருஷம் ஸ்டே நீங்கியது. வக்கீல் அலுவலகத்தில், சுருக்கெழுத்துக்காரி முன்னால், டோலொரெஸ் கையை உயர்த்திப் பிசகாமல் சத்தியம் செய்தாள். ஃபரினெல்லி கேட்டார்.

"மூணு தடவை கூப்பிட்டேன்," என்றாள் டோலொரெஸ். "டாக்டர் வரல. அவர் வந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு."

லென் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் பொல்லாத மனிதரில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "மரியனைக் கடைசியா எப்பம்மா பார்த்தீங்க?"

"இன்னைக்குக் காலைலதான். என்கூட நின்னு மாவு பிசைஞ்சா. நல்லாத்தான் இருக்கா."

அவர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். சுருக்கெழுத்துக்காரி அதையும் பதிந்துகொண்டாள். இரண்டையும் டோலொரெஸ் ஒரே குரலில்தான் சொல்லியிருந்தாள், துளி சந்தேகமில்லாமல். லென் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதில் எதை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.