கீழ்நோக்கி இறங்கிய சிவப்பு

பதுளையில் ஒரு சிறு நிறுவனத்தில் நான் அசையும் வரைபடங்கள் செய்கிறேன். ஓர் இடத்தில் எது, எப்போது, எப்படி மாறியது என்பதைத் திரையில் ஓடவிட்டுக் காட்டும் வேலை. போன ஒக்டோபரில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு அப்படி ஒன்றைக் கொண்டுபோனேன். மலையில் விழுந்த வெடிப்புகள் மாதம் மாதமாகச் சிவப்புப் புள்ளிகளாய்த் தோன்றும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் கடைசி லயத்தை அவை நெருங்குவதைக் கண்டால், பெருமழைக்கு முன் அங்குள்ள குடும்பங்கள் இடம் மாறும் என்று நம்பினோம்.

மலையடிக் கோயில் மண்டபச் சுவரில் படம் ஓடியது. கடைசி லயத்து விஜேந்திரன் எழுந்தார். அவர் அசைந்தால்தான் மற்றவர்கள் அசைவார்கள்.

"வெடிப்பு மேல ஏறிப் போகுதுல்ல மிஸ்? அப்ப நமக்கென்ன பயம்? நாம கீழ்க்கணக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய மனைவி விஜயலெட்சுமிதான் சிரித்துவிட்டார்.

"ஏங்க, இந்தக் கோயிலப் பாருங்க. படத்துல மலை உச்சில நிக்குது. சாமி எப்ப ஏறிப் போச்சு?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், அப்போதுதான் எனக்கு உறைத்தது. வடக்கை மேலே வைத்து வரைவது எங்கள் வழக்கம். அந்த மலையோ வடக்குப் பக்கம் சரிகிறது. மலையடியிலுள்ள தோட்டப் பிரிவான கீழ்க்கணக்கு, திரையில் உச்சிக்குப் போயிருந்தது. அங்கே எல்லாரும் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்றுதான் பேசுவார்கள். வடக்கு தெற்கு யாருக்கு வேண்டும்?

படத்தை அப்படியே திருப்பினேன். எழுத்தெல்லாம் தலைகீழாயிற்று.

"எழுத்து கெடக்கட்டும், ஓட விடுங்க மிஸ்," என்றார் விஜயலெட்சுமி.

சிவப்பு இப்போது இறங்கியது. முதலில் மேலே தேயிலை மலை. பிறகு தண்ணீர் பிடிக்கும் பீலி. பிறகு கடைசி லயத்தின் பின்சுவர். சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொருக்கா போடுங்க," என்றார் விஜேந்திரன். போட்டேன். பீலி வந்ததும், "நெசந்தான். அந்த வெடிப்புக்கு நாந்தான் சீமெந்து பூசினேன்," என்றார். பிறகு மனைவியிடம் திரும்பி, "சட்டி பானையக் கட்டு, புள்ள."

அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு மாறிய பிறகுதான் அந்த மழை வந்தது. கடைசி லயம் மண்ணுக்குள் போயிற்று.

விஜயலெட்சுமி எனக்குப் போன் எடுத்தார். "வீடு போச்சு மிஸ். ஆளுக எல்லாம் இருக்கோம். நீங்க நல்லா இருக்கணும்."

"அல்லாஹ் காப்பாத்தினான். அக்கா, நீங்க அண்டைக்குச் சிரிக்காட்டி எனக்கு விளங்கியே இருக்காது," என்றேன்.

"நீங்க வேற! நான் சிரிச்சதுக்கு அவரு இன்னும் மொறைக்கிறாரு. பக்கத்துத் தோட்டத்துலயும் வெடிச்சிருக்காம் மிஸ். அங்கயும் கொண்டுபோய்க் காட்டுங்க. எழுத்த மட்டும் நேராக்கிருங்க."