இமைக்குள் காவல்

ரம்பம் நின்றிருந்த நேரத்தில்தான் அது நடந்தது. மர அறுவை மில்லின் அறுவைக்காரன், கையில் கிடைத்த ரீப்பர் கட்டையை எடுத்து, மனைவியின் தம்பி என்றும் பாராமல் மச்சினன் முகத்தில் ஓங்கி இறக்கினான்.

"இன்னொரு தடவ ஃபேன என் பக்கம் திருப்புவியா?"

மச்சினன் பதில் சொல்ல வாய் திறந்தான். அதற்குள் அடுத்த அடியில் பல் தெறித்தது. அதற்கடுத்தது கண்ணில். கீழே விழுந்தவனின் மார்பில் ஏறி உட்கார்ந்து, அதே கண்ணில் குத்தினான். மில்லே சேர்ந்து இழுத்தும் அவனை அசைக்க முடியவில்லை. பேய் பிடித்தவன்கூட இப்படி அடிக்க மாட்டான். இவனைப் பிடித்திருந்தது பேயல்ல, நமைச்சல்.

மாதக்கணக்காகக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இமை வீங்கி, நூல் நூலாகப் பீளை வரும். வெளிச்சம் பட்டால் ஊசி குத்தும். தேய்க்கக் கை போனால் மனைவி பாய்ந்து பிடிப்பாள். ஒருநாள் அவளை உதறியதில் சுவரில் மோதி அவள் நெற்றி கிழிந்தது. ரத்தம் வழிய எழுந்துவந்து மறுபடி அந்தக் கையையே பிடித்தாள். மில்லில் மச்சினன் மின்விசிறியை இவன் பக்கம் திருப்பினால் நமைச்சல் தலைக்கேறும். வேண்டுமென்றே தூளைப் பறக்கவிடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம் ஆளுக்கு வாய்க்கு முன்னால் கை நீளும்.

இருவரையும் ஒரே வண்டியில் கண் ஆஸ்பத்திரிக்கு அள்ளிப்போனார்கள். வாசலில் போலீஸ் காத்திருக்க, டாக்டர் அறுவைக்காரனின் இடது இமையைப் புரட்டி, உள்பக்கம் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமிட்டு, நுண்ணோக்கியில் அவனையே பார்க்கச் சொன்னார். சிவப்புப் பொடி அடைத்த உருண்டைகள் தெரிந்தன. பல உடைந்து கிடந்தன.

"இதெல்லாம் உங்க உடம்போட காவல்காரங்கதான். மரத்தூள எதிரின்னு நெனச்சு, முதல்ல ஒரு கூட்டம் வெடிச்சு நமைச்சலக் கிளப்பும். அப்புறம் இந்தச் செல்லுங்க வந்து விஷத்தக் கொட்டும். தூளுக்கு ஒண்ணும் ஆகாது, உங்க கருவிழிதான் புண்ணாகுது. தேய்ச்சா இன்னும் வெடிக்கும். இனிமே தேய்ச்சீங்கன்னா இந்தக் கண்ணு போயிடும்."

"யாரு சார் அடிக்கச் சொன்னது அதுங்கள?"

"யாரும் சொல்லல. அதுங்களுக்கு ஆள் தெரியல, அவ்வளவுதான்."

அவன் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து எழுந்தான்.

அடுத்த அறையில் மச்சினன் படுத்திருந்தான். நசுங்கிய கண்ணை எடுத்துவிட்டு, பாதி முகத்துக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் அவன் அக்கா. அறுவைக்காரன் வாசலிலேயே நின்றான்.

"மாமாவா?" பல் போன வாய் குழறியது. "உங்களுக்குக் கண்ணு எரியுதுன்னு அக்கா சொல்லுச்சு. காத்து பட்டா குளுகுளுன்னு இருக்கும்னுதான் ஃபேனத் திருப்பினேன். தூளும் சேர்ந்து வரும்னு தோணல மாமா."

அறுவைக்காரன் உடைந்து அழுதான். கண்ணீர் புண்ணில் பட்டு எரிந்தது, எரிச்சலோடு நமைச்சலும் கிளம்பியது. கை முட்டி மடக்கிக்கொண்டு தானாக இடது கண்ணுக்குப் போனது. பாய்ந்து பிடிப்பாள் என்று மனைவியைப் பார்த்தான்.

அவள் தம்பியின் கையைப் பிடித்திருந்தாள். ஒருமுறை நிமிர்ந்து, இவனையும் கண்ணுக்குப் போன கையையும் பார்த்தாள். பிறகு குனிந்து தம்பியின் போர்வையைச் சரிசெய்தாள்.

அவன் தேய்க்கத் தொடங்கினான்.