என் தோள் திறந்த பூட்டு

என் அக்கா ஒரு பகல் முழுக்கத் தன் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தாள். காலையில் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறாள், பூட்டு அசையவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஜன்னலில் நின்று தெருவையே கூட்டியிருப்பார்கள். அக்கா தையல்காரி. அதுவோ பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். யூனிஃபார்ம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஜன்னல் கம்பி வழியாகத் துணியைச் சுருட்டிச் சுருட்டிக் கொடுத்து, இன்றைக்கு இப்படித்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். வந்தவர்களும் இது ஏதோ புது ஏற்பாடு போலிருக்கிறது என்று மாடி வராந்தாவில் வரிசையாக நின்று வாங்கிப்போயிருக்கிறார்கள்.

சாயங்காலம் அவள் மகள் போன் செய்தபோதுதான் குட்டு உடைந்தது. மகள் வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். எங்களுக்கு அவள் குட்டி. அங்கே அவள் நடந்து வருகிற சத்தம் கேட்டால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள் என்று கேள்வி. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே ஓர் அம்மாள், "கதவு இன்னும் திறக்கலையா டெய்லரக்கா?" என்று கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது.

அடுத்த போன் எனக்கு. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பயப்படாதீங்க, பயப்படாதீங்க என்று நாள் முழுக்கப் பிறருக்குச் சொல்லிவிட்டு, அத்தனை பயத்தையும் நானே பட்டுத் தீர்க்கிற உத்தியோகம். போன் வந்தபோது ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் ஒரு போட்டோக்காரர். காலி மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவரை அப்படியே பெரிய சாலையில் ஏற்றி, அக்கா வீட்டுக்கு ஓட்டச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவருக்கு மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதே தெரியும்.

மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். உள்ளேயிருந்து சாவியைத் திருகச் சொல்லிவிட்டு, வெளியேயிருந்து தோளால் ஒரே இடி. டக். கதவு திறந்துகொண்டது. அக்கா என்னைப் பார்த்து, "வாடா, டீ போடவா?" என்றாள், நான் ஏதோ வழக்கம்போல வந்தவன் மாதிரி. எனக்கோ என் தோளின் மேல் திடீரென்று ஒரு மரியாதை வந்துவிட்டது. அந்த வாரம் காரில் ஏறியவர்களில் அந்த இடியைப் பற்றிக் கேட்காமல் இறங்கியவர் யாருமில்லை.

குட்டி மட்டும் அசரவில்லை. கதவு திறந்தது சரி மாமா, அடுப்பு பற்றியிருந்தால், அம்மா வழுக்கி விழுந்திருந்தால் என்று கேட்டாள். அத்தான் போனபிறகு அக்கா தனியாகத்தான் இருக்கிறாள். கத்தரி பிடித்துப் பிடித்து மணிக்கட்டும் முன்போல இல்லை. சனிக்கிழமை வருகிறேன், வரும்போது அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று குட்டி முடித்துவிட்டாள்.

அக்கா சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் போடவில்லை. மறுநாள் போனபோது புதுத்துணி கொண்டுவந்த ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். எப்போதும் கழுத்தில் மாலை மாதிரி கிடக்கும் அளவு நாடா அன்று கழுத்தில் இல்லை.

"தன் வீட்டுக் கதவைத் திறக்க முடியாதவளுக்குத் தனி வீடு எதுக்குன்னு குட்டி கேக்குறா. நான் என்னடா சொல்றது?" என்றாள்.

அவள் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அக்காவுக்காக என்று சொன்னால் பெருந்தன்மையாக இருக்கும். உண்மையில் பாதிக்குமேல் எனக்காகத்தான். நான் வேலையில்லாமல் திரிந்த காலத்தில், எந்த நேரத்தில் தட்டினாலும் ஏன் வந்தாய் என்று கேட்காமல் திறந்த கதவு அது. இன்றைக்கும் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே நான் போய் உட்காருகிற இடம் அந்தத் தையல் மிஷினுக்கு எதிரே இருக்கிற முக்காலிதான். டீ கிடைக்கும், கூடவே என் தொப்பையைப் பற்றி நாலு வார்த்தை கிடைக்கும். அப்படித் திட்டுகிறவர்கள் இருக்கிற வீடு ஊரில் ஒன்றுக்குமேல் யாருக்கு இருக்கிறது?

அதனால் பூட்டைச் சரிசெய்துவிடுவது என்று கிளம்பினேன். புதுப் பூட்டு போடலாம் என்றால், அது கதவின் வயிற்றுக்குள் பதித்த பழைய மாதிரி. அந்த அளவு இப்போது வருவதில்லை. கதவை வெட்ட வேண்டும், வெட்ட வீட்டுக்காரர் விடமாட்டார். ஹார்டுவேர் கடைக்காரரிடம் போய் யோசனை கேட்டேன். அவர் முதலில் கேட்டதே, எண்ணெய் விட்டீர்களா என்றுதான்.

விட்டோமாவா? அந்தப் பூட்டுக்குள் போகாத எண்ணெய் இல்லை. அத்தான் இருந்தவரை மிஷின் எண்ணெய். பிறகு அக்கா அவசரத்துக்குத் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய். போன மழைக்கு நான் என் பங்குக்குச் சமையல் எண்ணெய். அப்பளம் பொரிக்கலாம் என்றேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. எண்ணெய் இரண்டு நாள் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்துவைத்துக்கொண்டு பசையாகிவிடும், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக் காயவைத்து, பென்சில் கரியைப் பொடிசெய்து போடுங்கள் என்று சொல்லி, அடுத்த ஆளிடம் ஆணி எடை போடப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையிலேயே அக்கா வீட்டில் ஆஜரானேன். முதல் வேலை, கதவைக் காலி செய்வது. அக்கா தைத்து முடித்த துணியையெல்லாம் தொங்கவிடுவது அந்தக் கதவில்தான். உள்பக்கம் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி அடித்திருக்கிறாள். வந்தவர்களை உள்ளே வரச்சொல்லி, உட்காரவைத்து, தேடிக்கொண்டிருக்காமல், கதவைத் திறந்ததும் அவரவர் துணியை அவரவரே காட்டி வாங்கிக்கொண்டு போகலாம். ராத்திரி கதவைப் பூட்டிவிட்டு, அன்றைக்குத் தைத்ததையெல்லாம் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் படுப்பாள். அன்று அதில் தொங்கியவை பேண்டு மாஸ்டர் ஒருவருக்காகத் தைத்த கோட்டுகள். அவருடைய குழு முழுவதற்கும். தோளில் ஜரிகை, நெஞ்சில் இரண்டு வரிசை பித்தளைப் பொத்தான். ஒப்புக்கொண்டுவிட்டேனே என்று அதை மட்டும் முடித்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குழந்தை கனம். எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கடத்தினேன்.

பூட்டைக் கழற்றிக் கழுவினேன். அதிலிருந்து வந்ததைப் பார்த்து அக்கா, "உங்க அத்தான் தலைமுடிகூட இருக்கும் போல" என்றாள். காயவைத்து, பென்சிலைச் சீவிக் கரியைப் பொடித்து ஊதினேன். பூட்டுக்குள் பாதி போயிற்று, மீதி என் மூக்குக்குள். திரும்ப மாட்டி, கதவைச் சாத்தித் திருகினால் வெண்ணெய். அக்காவும் திருகிப் பார்த்தாள். பூட்டின் நாக்கு சமர்த்தாக வெளியே வந்தது, சமர்த்தாக உள்ளே போயிற்று. அவள் முகம் மலர்ந்தது.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். செய்கிற வேலையை முழுசாகச் செய்ய வேண்டும் என்று கோட்டுகளை எடுத்து மறுபடியும் கம்பியில் வரிசையாக மாட்டினேன். கூடவே என் பையையும் குடையையும்.

மதியத்துக்கு முன்னால் குட்டி வந்தாள். காலிப் பெட்டி ஒன்றோடு வந்திருந்தாள், அம்மாவின் துணிகளுக்கு. அக்கா அந்தப் பெட்டியைப் பார்க்காத மாதிரி, "இரு, உனக்கு ஒண்ணு காட்டுறேன்" என்று கதவைச் சாத்தி, சாவியைத் திருகிப் பூட்டினாள். போகும்போது கொஞ்சம் கனமாகப் போனது. திறக்கத் திருகினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விலகினாள். நான் திருகினேன். கதவு உள்பக்கமாகத் திறப்பது, என் புகழ்பெற்ற தோளால் உள்ளேயிருந்து இடிக்கவும் வழியில்லை.

குட்டி கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள்: "பாத்தீங்களா மாமா. இப்ப நீங்களும் உள்ள." பிறகு பெட்டியைத் திறந்து கட்டிலில் வைத்து, பீரோவிலிருந்து புடவைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அக்கா தடுக்கவில்லை. மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, அதன் சக்கரத்தைக் கையால் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினாள். நூல் இல்லாத ஊசி ஒரு தடவை இறங்கி ஏறியது. அந்த அறையில் நான் நிற்கத் தகுந்த இடமாக ஒரு மூலைகூட எனக்குத் தெரியவில்லை.

அப்போது பேண்டு மாஸ்டர் வந்தார். வாசலில் தட்டிவிட்டு, திறக்காததால் ஜன்னலுக்கு வந்து எட்டிப்பார்த்தார். நாளைக் காலை ஊர்வலம், கோட்டு வேண்டும் என்றார். அக்கா எழுந்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு வேறு துக்கம் கிடையாது. கதவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நான் நீட்ட, அவள் மடித்து ஜன்னல் கம்பி வழியாக அனுப்ப, அவர் அந்தப் பக்கம் கோட்டின் கையைப் பிடித்து இழுத்து வாங்கிக்கொண்டார். பிரசவம் பார்ப்பது போலிருந்தது. குட்டிகூட அடுக்குவதை விட்டுவிட்டுப் பார்த்தாள். கடைசிக் கோட்டு பெரிய மேளம் அடிப்பவருடையது. ஆள் அகலம். ஜரிகை ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டது, இழுத்தால் கிழியும்.

"எந்தப் பாவத்துக்குடா என் தையலை நானே கிழிக்கணும்" என்று அக்கா கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடுப்போடு கதவுக்குப் போய்ச் சாவியைத் திருகினாள்.

டக்.

கதவு திறந்தது. வெளியே பேண்டு மாஸ்டர் நின்றார். உள்ளே நாங்கள் மூவரும் நின்றோம். பென்சில் கரி இப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி அடக்கினாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது பூட்டை அல்ல, என் பையும் குடையும் மட்டும் மிஞ்சிக் கிடந்த இரும்புக் கம்பியை.

"அன்னிக்குச் சாயங்காலம் நீ வந்தப்ப கதவுல ஏதாவது தொங்குச்சா?"

யோசித்தேன். பகல் முழுக்க ஜன்னல் வழியாகக் கொடுத்தே தீர்த்திருந்தாள். ஒரு சட்டைகூட மிச்சமில்லை.

அக்கா பேண்டு மாஸ்டரிடம் கெஞ்சாத குறையாகக் கோட்டுகளைத் திரும்ப வாங்கிக் கதவில் மாட்டினாள். பாதி மாட்டிவிட்டுத் திருகினால் சாவி முனகியது. எல்லாவற்றையும் மாட்டிவிட்டுத் திருகினால் நின்றே போனது. எடுத்தால் வெண்ணெய். பிறகு கதவைப் பாதி திறந்துவைத்து, எட்ட நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். புதுச்சட்டையைப் போட்டு நிற்கிறவனைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"இது பூட்டுக் கோளாறே இல்லடா. கதவுக்குத் தோள் இறங்கிடுச்சு. ஒரு பக்கமாவே கனம் தொங்கினா இறங்காம என்ன பண்ணும்?"

பார்த்தால் அப்படித்தான். மேல் கீலின் ஸ்க்ரூக்கள் விரலால் ஆட்டினாலே ஆடின. துணி ஏற ஏறக் கதவு நுனியில் தாழ்ந்திருக்கிறது. பூட்டின் நாக்கு, நிலைச்சட்டத்தில் அது நுழைகிற தகட்டின் கீழ்விளிம்பில் உட்கார்ந்து அழுந்தியிருக்கிறது. அந்த இடத்தில் இரும்பு தேய்ந்து பளபளவென்று இருந்தது. இத்தனை வருடமாக நாங்கள் மூன்று பேரும் மூன்று எண்ணெய் விட்டதில், ஒருவர்கூட அந்தத் தகட்டைக் குனிந்து பார்க்கவில்லை. என் தோளைப் பற்றி நான் ஊரெல்லாம் சொன்னதை இங்கே மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

பேண்டு மாஸ்டர் கோட்டுகளோடு போனார். நான் நீளமான ஸ்க்ரூ வாங்கிவந்தேன். தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துப் பழைய துளைகளில் அடைத்தோம். குட்டி கதவின் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூ, அடுத்த ஸ்க்ரூ, அவசரப்படாதீங்க மாமா என்று ஆபரேஷன் தியேட்டர் நடத்தினாள். இரும்புக் கம்பியைக் கழற்றிப் பக்கத்துச் சுவரில் அடித்தோம். அக்கா அங்கே என் பையையும் குடையையும் முதலில் மாட்டி, "இனிமே உன் இடம் இது" என்றாள்.

பிறகு குட்டி பூட்டித் திறந்தாள். அக்கா பூட்டித் திறந்தாள். குட்டி கட்டிலில் போய் உட்கார்ந்து, பெட்டியில் அடுக்கிய புடவைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு போன்ல கேட்டதும் மாமாவுக்குப் போடுறதா நினைச்சு யார் யாருக்கோ போன் போட்டேம்மா" என்றாள். "ஆஸ்பத்திரியில நான் ஒரு நாளும் பதறினதே இல்ல."

அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். தினமும் காலையில் கதவைத் திறந்ததும் போன் செய்ய வேண்டும், சாவி ஒன்று மாமாவிடம் இருக்க வேண்டும் என்று குட்டி இரண்டு நிபந்தனை போட்டாள். அக்கா சரி என்றாள். அப்புறம் குட்டி எழுந்து புடவைகளைப் பீரோவில் வைத்துவிட்டு, தன் யூனிஃபார்ம் இடுப்பில் பிடிக்கிறது, புதிதாக இரண்டு தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள்.

அக்கா மிஷின் டிராயரைத் திறந்தாள். அளவு நாடாவை எடுத்து, ஒரு உதறு உதறி, கழுத்தில் போட்டுக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூக்கில் பென்சில் கரி இன்னும் மிச்சமிருந்தது, கண்ணில் நீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெரிய மேளக்காரரின் அகலத்துக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆள் கொஞ்சம் ஒல்லியாக இருந்திருந்தால் கோட்டு ஜன்னல் கம்பிக்குள் நுழைந்திருக்கும், அக்கா குட்டியோடு பஸ் ஏறியிருப்பாள்.

சாயங்காலம் குட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட நான் கிளம்பினேன். காலிப் பெட்டி காலியாகவே திரும்பியது. கதவை நானே பூட்டிக்கொள்கிறேன் என்றாள் அக்கா. வெளியே வந்தோம், கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், படியிறங்காமல், அங்கேயே நின்றோம்.

உள்ளே டக்.

குட்டி மூச்சை விட்டாள். நான் முதல் படியில் கால் வைத்தேன். மறுபடியும் டக். கதவு திறந்தது.

"ஒட்டுக்கேட்டது போதும், பஸ்ஸு போயிடப்போகுது" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டாள்.