வெடி வைக்காத சாவு

தாயின் உடல் வீட்டு முன்னால் பந்தலில் கிடக்க, மகள் கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்படியும் ஒரு கல்நெஞ்சு உண்டா என்று ஒருத்தி கேட்டது தனப்பிரியாவின் காதில் விழுந்தது. அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை. நாலாயிரம் கோழிகளுக்குக் காலை ஆறு மணிக்குப் பசிக்கும். யார் செத்தார்கள் என்று அவற்றுக்குத் தெரியாது.

தாய் கண்ணாத்தாள் செத்தது முந்தின நாள் மாலை நாலு மணிக்கு. வயது ஐம்பத்திரண்டு. காய்ச்சல் என்றுகூட ஒரு நாள் படுத்தவள் இல்லை. முட்டைத் தட்டோடு கோழிக் கொட்டகையை விட்டு வெளியே வந்தவள், தட்டைத் தரையில் வைத்தாள், நெஞ்சைப் பிடித்தாள், சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தட்டில் இருந்த முப்பது முட்டையில் ஒன்றுகூட உடையவில்லை.

புருஷன் போன பிறகு எட்டு வருஷம் தனியாளாக நடத்திய பண்ணை அது. கொல்லிமலையைப் பார்த்தபடி இரண்டு செட்டுகள், தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகைகள். இப்போது இருக்கிற கோழிகளைக் குஞ்சாக வாங்கி ஆறு மாதம் வளர்த்திருந்தாள். நூற்றுக்குத் தொண்ணூறு முட்டையிடத் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. இந்தப் பருவத்துக் கோழிக்குப் பெருஞ்சத்தம் ஆகாது. வெடிச் சத்தம் கேட்டால் கூண்டில் முட்டி மோதி இறக்கையை ஒடித்துக்கொள்ளும். வயிற்றுக்குள்ளேயே முட்டை உடைந்து சாகும். பிழைத்தது வாரக்கணக்கில் ஓடில்லாத முட்டையிடும்.

ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் சுடுகாட்டுக்குப் போகும் ஒரே தடம் கண்ணாத்தாளின் இரண்டு செட்டுகளுக்கும் நடுவேதான் போகிறது. யார் செத்தாலும் அவள் அந்தத் தடத்தில் வந்து நின்று, இந்த இருநூறு அடி மட்டும் சத்தமில்லாமல் போங்கள் என்று கையெடுத்துக் கும்பிடுவாள். சிலர் கேட்பார்கள். சிலர் கேட்க மாட்டார்கள்.

கேட்காதவர்களில் முதல் ஆள் சின்னண்ணன், அவள் புருஷனின் அண்ணன். எட்டு மாதம் முன்பு தன் மாமனாரை எடுத்துப் போனபோது, கும்பிட்ட கைக்கு நேர் எதிரே சரவெடியைக் கொளுத்தினார். அப்போதிருந்த கோழிகளில் முந்நூறு செத்தன. அதற்குப் பிறகு கண்ணாத்தாள் அவரோடு பேசவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்க வாய் வராமல், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். நாளை வரவில்லை.

சாவுச் செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவர் அவர்தான். பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் பொய் கிடையாது. அழுது முடித்ததும் ஏற்பாட்டில் இறங்கினார். தப்பட்டை அடிக்கும் கந்தனுக்கும் அவன் ஆட்களுக்கும் சொல்லி அனுப்பினார். பத்தாயிரம் வாலா சரம் ஒன்றை வாங்கி வைத்தார். ஊரே பார்த்திராத சவ எடுப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

தனப்பிரியா அவரிடம் போனாள்.

"பெரியப்பா, தப்பட்டை ஊட்டு முன்னால அடிச்சாப் போதுங்க. வெடி வேண்டாங்க."

"அனாதப் பொணமாட்டத் தூக்கிட்டுப் போகச் சொல்றயா அம்மிணி? ஊரு என்ன பேசும்?"

"ஊரு பேசறதக் கோழி கேக்காதுங்க."

துக்கத்தில் பெண் ஏதோ உளறுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, அவள் தலையைத் தடவிவிட்டு அவர் போய்விட்டார்.

பத்து மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். அந்த ஊரில் பெண்கள் செட்டுக்கு முன்னால் உள்ள திருப்பம் வரைக்கும்தான் வருவார்கள். அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். திருப்பம் வந்ததும் சின்னண்ணன் முன்னால் போய்ச் சரத்தைத் தடத்தின் நடுவே நீளமாக விரித்தார். கையில் ஊதுபத்தி புகைந்தது. தனப்பிரியா பெண்கள் கூட்டத்தை விட்டு, பாடையைத் தாண்டி, தப்பட்டைக்காரர்களைத் தாண்டி வந்தாள். சரத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் அம்மா கும்பிட்டாள். இவள் கும்பிடவில்லை.

"பத்த வைங்க பெரியப்பா."

பாடையை வழியில் நிறுத்தக் கூடாது என்று நாலு பேர் கத்தினார்கள். அவளைத் தூக்கிவிடச் சொல்லி ஒருவர் சொன்னார். சொன்னவர் உட்பட யாரும் முன்னால் வரவில்லை. சின்னண்ணனின் குரல் இறங்கியது.

"எட்டு மாசமா எம்மூஞ்சியப் பாக்கல உங்கம்மா. போறப்பவாச்சும் நல்லபடியா அனுப்பி உடலாம்னு பாத்தா மறிக்கறயே சாமி."

"அன்னிக்கு என்ன பண்ணுனீங்களோ, அதையேதானுங்க இன்னிக்கும் பண்றீங்க."

ஊதுபத்தியின் சாம்பல் வளைந்து வளைந்து உதிர்ந்தது. கந்தன் தோளிலிருந்து தப்பட்டையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"எங்கிட்டயும் அந்தம்மா கும்புட்டிருக்காங்க. கேக்காம அடிச்சிருக்கறன். இன்னிக்கு முடியாதுங்க."

சின்னண்ணன் ஊதுபத்தியைத் தரையில் போட்டுக் காலால் தேய்த்தார். குனிந்து சரத்தின் நுனியை எடுத்துத் தானே சுருட்டிக்கொண்டு வந்தார். தனப்பிரியா எழுந்து வழிவிட்டாள். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். முந்நூறு பேரும் செருப்பைக் கழற்றினார்கள்.

சங்கு ஊதவில்லை. ஒருவரும் இருமக்கூட இல்லை. பச்சை மூங்கில் கிரீச்சிடும் ஒலி மட்டும் முன்னால் நகர்ந்தது. பாடை இரண்டு செட்டுகளுக்கும் நடுவே நுழைந்தபோது இடப்பக்கம் ஒரு கோழி கொக்கரித்தது. முட்டையிடும் நேரம் அது. இட்ட கோழி சும்மா இருக்காது. பிறகு பத்து. பிறகு நூறு. எதிர்ச்செட்டு பதில் கொடுத்தது. நாலாயிரம் தொண்டையும் சேர்ந்து தகரக் கூரையை அதிரவைத்தன. தப்பட்டை அடித்திருந்தாலும் அதில் அமுங்கிப் போயிருக்கும். பாடை தூக்கியவர்களின் முதுகு நிமிர்ந்தது. அந்த ஊரில் எந்தப் பெரிய மனிதனுக்கும் அப்படி ஒரு முழக்கம் கிடைத்ததில்லை.

தனப்பிரியா திருப்பத்தில் நின்று கேட்டாள். முந்தின நாளிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. கோழிகள் மிரளக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, ஜெயித்தவள் அழுகிற மாதிரி அழுதாள்.

எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு, தோளில் சிவப்புத் துண்டோடு இரண்டு மணிக்குச் சின்னண்ணன் செட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. அவள் முட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாச்சும் செத்துதா அம்மிணி?" என்றார், ரகசியம் பேசும் குரலில்.

"ஒண்ணுகூட இல்லீங்க."

அவர் வெகுநேரம் தலையை ஆட்டினார்.

"காலைல எத்தன மணிக்குத் தீவனம்?"

"ஆறுக்குங்க. கால் மணி முன்னாலயே வாங்க. இந்தச் செவப்புத் துண்டு ஆகாது, கோழி மெரளும். உள்ள வந்தாப் பேசக் கூடாது."

"நானு பேசாம இருப்பனா?"

"பழகிக்குவீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள். இன்னும் பாதிச் செட்டு பாக்கி இருந்தது.