ஏலத்தில் போன மீசை

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு மீசையை விற்றிருக்கிறோம். இரண்டு முனையிலும் எலுமிச்சம்பழம் நிற்கும் மீசை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஐம்பத்திரண்டாம் வருஷம், நான் கண்ணால் கண்டது.

மீசைக்காரர் சுயம்புலிங்கம் பிள்ளை, என் அடுத்த வயல்காரர். மழை கொட்டும்போதும் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை விரிப்பார். ஆள் அப்படி.

வம்பு என் மச்சினன் ரசலையனால் வந்தது. அவன் நின்றபடியே பலாப்பழம் பறிப்பான். விரல்கள் முருங்கைக்காய். கட்டைவிரலை மடக்கினால் மணிக்கட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தக் குடும்பமே அப்படித்தான். ஏலத்தில், சபைக்குக் காணிக்கையாக வந்த பூசணிக்காயைக் கடைசி வரிசைக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுவது அவன் வேலை. அந்த வருஷம் பல் பிடுங்கிய பிறகு காய்ச்சல் கண்டது. விட்டு விட்டு வந்து ஆளை நூலாக்கியது.

ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறவியிலேயே இளகிய உடம்பு, இதயத்தின் வால்வும் இளக்கம், அதனால் உள்ளே ஓர் இரைச்சல், பல்லிலிருந்து கிளம்பிய கிருமி அங்கே போய்க் குடியேறிவிட்டது என்றார். மூன்று மணி நேரத்துக்கொருமுறை பெனிசிலின் ஊசி, இரவும் பகலும், வாரக்கணக்கில். வீட்டில் வேறு யாரும் இப்படி உண்டா என்றும் கேட்டார். அவன் அப்பா, என் மாமனார் யோவானுக்கு அது பெரிய கௌரவமாகப் பட்டுவிட்டது. மறுநாளே வண்டி கட்டிக் குடும்பம் முழுவதையும் கொண்டுவந்து வராந்தாவில் வரிசையாக நிறுத்தினார். எல்லாரும் கட்டைவிரலை மடக்கிக் காட்டினார்கள். டாக்டர் சிரிக்காமல் ஒவ்வொருவர் நெஞ்சிலும் குழலை வைத்தார். தன்னிடம் சொல்லாமல் இனி யாரும் பல் பிடுங்கக் கூடாது என்றார்.

பிள்ளை பார்க்க வந்தபோது நர்ஸ் ரீத்தா குப்பியிலிருந்து மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இது பச்சத் தண்ணியில்லா? இத குத்துனா இவன் எழும்புவானா?"

"எழும்புனா?" கட்டிலிலிருந்து ரசலையனே கேட்டான்.

பிள்ளை மீசையைத் தடவினார். "எழும்பி வந்து நீ பூசணி தூக்குனா, எனக்க மீசைய ஏலத்துல போடுங்கடே."

ரீத்தா அவன் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதையைப் புதையல் போலத் தேடினாள். அவன் உடம்பில் விழுந்த துளைகளுக்கு, குடித்த கஞ்சி பூவாளியாகப் பீச்சாமல் இருந்ததே அதிசயம். ஒரு நாள் காய்ச்சல் ஏறிக் கண் சொருகிவிட்டது. என் மனைவி ஞானபாய் தம்பியின் கட்டைவிரலைப் பிடித்தவள் விடவேயில்லை. அன்று முழுக்க நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு காலையில் அவன் மீன்கறி கேட்டான். அதோடு இறங்கிய காய்ச்சல் திரும்பவில்லை.

பண்டிகை வந்தது. பாரம் தூக்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. அதனால் ரசலையன் ஒரு கோழிமுட்டையைத் தூக்கிக் காட்டினான். பூசணி இல்லையே என்று பிள்ளை நழுவியிருக்கலாம். அவரோ நாவிதரைக் கையோடு கூட்டி வந்திருந்தார். வாழையிலையில் வந்த மீசையை என் மாமனார் விடாமல் கேட்டு ஏலத்தில் எடுத்தார்.

மழித்த முகத்தோடு பிள்ளை ரசலையன் முன்னால் போய் நின்றார். அவர் காது சரியாக அவன் நெஞ்சுக்கு வந்தது. சாய்த்து வைத்தார்.

"இரைச்சல் கேக்குடே."

"அது இருக்கும், பாட்டா. காய்ச்சல்தான் போச்சு."

கூட்டம் காத்திருந்தது. பிள்ளை காதை எடுக்கவில்லை.

"நீ எழும்புனது உள்ளதுதாண்டே," என்றார்.

அவர் தலைக்கு வெகு உயரத்தில், ரசலையனின் நீண்ட விரல்களுக்குள் முட்டை அப்படியே இருந்தது.