ஒப்புதல் கேட்ட பூட்டு

அந்த அடுக்ககத்தில் அவரை நிபந்தனை சார் என்றுதான் சொல்வார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அவருக்கு உத்தியோகம். பத்திரத்தின் பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் நிபந்தனைகள் வருமே, அவற்றை எழுதுகிறவர் அவர்தான். வெள்ளம் வந்தால் பணம் உண்டு, ஆனால் வந்தது வெறும் மழைத்தண்ணீர் என்றால் கிடையாது. திருட்டுப் போனால் பணம் உண்டு, ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் கிடையாது. இப்படிப் பகல் முழுக்க எழுதிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும், நிறுவனங்கள் பொடி எழுத்தைப் போட்டு ஜனங்களின் தலையில் மிளகாய் அரைப்பதைப் பற்றிக் கொதிக்க ஆரம்பிப்பார். இரண்டும் எப்படிங்க ஒத்துப்போகும் என்று மனைவி ஒருமுறை கேட்டுவிட்டாள். "அது வேலை. இது கொள்கை" என்றார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பதிலில் திருப்தி ஏற்பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டுக்குள் எந்தப் பொருளும் சும்மா நுழைந்துவிட முடியாது. ஆற்றில் கழிவைக் கொட்டுகிறான் என்று ஒரு சோப்பைத் தள்ளி வைத்தார். தள்ளி வைத்தது என்றால், வீட்டிலிருந்த சோப்பெல்லாம் கரைந்த பிறகு. அதற்குப் பதிலாக ஒரு வாரம் ஆராய்ந்து வேறொரு சோப்பு வாங்கி வந்தார். பச்சை உறை, மேலே ஓர் இலை. உறையின் ஓரத்தில் பழைய சோப்புக் கம்பெனியின் முகவரியே போட்டிருந்ததை அவர் மனைவி பார்த்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று பேசாமல் குளித்துவிட்டாள்.

வாசற்கதவுப் பூட்டும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. விரலை வைத்தால் திறக்கும் பூட்டு. சந்தையில் உள்ள அத்தனை பூட்டுகளையும் அலசிவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தார். காரணம், இந்த நிறுவனம் ஒரு பூட்டு விற்றால் ஒரு மரம் நடுகிறதாம். "பாரு, இதுதான் பொறுப்புள்ள கம்பெனி" என்றார். பூட்டு நல்ல பூட்டா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவசரத்துக்கு என்று கூடவே ஒரு சாவியும் கொடுத்தார்கள். அதைப் பத்திரமான இடத்தில் வைக்கும்படி கையேட்டில் எழுதியிருந்தது. அவரும் வீட்டுக்குள்ளேயே, பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டினார். அதைவிடப் பத்திரமான இடம் ஏது?

அவர் மனைவிக்குக் கேக்கம்மா என்று பெயர். பொறந்தநாளா, கேக்கம்மாவைக் கூப்பிடு. வேலையில் உயர்வா, கேக்கம்மாவைக் கூப்பிடு. இத்தனை வருஷமாக அவள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தவர்கள் அத்தனை பேரும் ஓசியில் தின்றவர்கள். முதன்முதலாகக் காசு கொடுத்துக் கேட்டவர் தெருமுனைக் காபிக்கடைக்காரம்மாதான். "மதியத்துக்குள்ள ஒரு பெரிய கேக் கொண்டா. வர்றவங்களுக்குப் பிடிச்சுதுன்னா தினமும் உன்கிட்டதான் எடுப்பேன்" என்று சொல்லியிருந்தார்.

அன்று காலை அவளுக்குக் கை கால் ஓடவில்லை. சர்க்கரையைத் தராசில் மூன்று தரம் நிறுத்தாள். வெண்ணெயை நுரைக்க நுரைக்கக் குழைத்தாள். டின்னை கேஸ் ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியபோது, சாமி கும்பிடுகிறவள்போல ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு முட்டை ஓடுகள் நிறைந்த குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே போட்டுவிட்டு வரலாம் என்று போனாள். பின்னால் கதவு தானாகச் சாத்தித் தானாகப் பூட்டிக்கொண்டது. அதுவும் ஒரு வசதியாம்.

திரும்பி வந்து விரலை வைத்தாள். பூட்டு ஓர் இனிமையான பெண் குரலில் பேசியது.

"வணக்கம். எங்கள் விதிமுறைகள் புதுப்பிக்கப்பட்டுள்ளன. தொடர ஒப்புதல் தேவை."

'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான் மின்னியது. அழுத்தினாள்.

"நன்றி. உங்களுக்கு அந்த அனுமதி இல்லை."

விரலில் மாவு ஒட்டியிருக்கிறது போலும் என்று புடவையில் துடைத்துவிட்டு அழுத்தினாள். நன்றி, அனுமதி இல்லை. இடது கை விரலை வைத்தாள். நன்றி, அனுமதி இல்லை. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போது எதற்கு இந்த நன்றி? திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

எதிர்வீட்டு அக்கா சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அன்று அவளுக்கு விடுமுறை. கேக்கம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தன் போனை நீட்டினாள். நிபந்தனை சாருக்கு அடித்தார்கள்.

"ஏங்க, பூட்டு என்னமோ ஒப்புதல் கேக்குது. நான் அழுத்தினா எடுக்க மாட்டேங்குது. உங்க போன்ல வந்திருக்கும், கொஞ்சம் அழுத்திவிடுங்க."

"எதையும் தொடாதே!" அவர் குரலில் அப்படி ஓர் உற்சாகம். "புதுசா விதிமுறை அனுப்பியிருக்கானா? வரட்டும், வரட்டும். என்னென்ன நுழைச்சிருக்கான்னு பார்க்கிறேன்."

"ஓவன்ல கேக் இருக்குங்க."

"இப்படி அவசரப்படுத்தித்தான் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குறாங்க. நான் நேர்லயே வர்றேன்."

அலுவலகம் பக்கத்துத் தெருதான். வந்துவிட்டார். போனைப் பார்த்துக்கொண்டே படியேறி, போனைப் பார்த்துக்கொண்டே தன் வீட்டு வாசலுக்கு எதிரே படிக்கட்டில் உட்கார்ந்தார். பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டினார்.

கதவிடுக்கு வழியே வெண்ணெய் வாசனை வர ஆரம்பித்தது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே மேல்மாடிப் பல் டாக்டர் இறங்கி வந்தார். "ஆகா, என்னம்மா விசேஷம்?" என்றார். விசேஷத்தை எதிர்வீட்டு அக்கா சொன்னாள். உடனே அவருக்குக் கருத்து வந்துவிட்டது.

"கம்பெனியைச் சொல்லிக் குத்தமில்லைங்க. நாம வாங்குறதாலதானே அவன் விக்கிறான்? நாம எல்லாரும் ஒருநாள் எதையும் வாங்காம இருந்து பார்த்தா தெரியும்." இதைச் சொல்லும்போது அவர் கையில் புதுப் போன் இருந்தது. முந்தின போன் உடைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை, அது பழசாகிவிட்டது என்பார்.

"என் வீட்டுப் பூட்டுக்கு ஒரு சாவி இருக்கு" என்றாள் எதிர்வீட்டு அக்கா. "சாவி பாட்டுக்கு சாவி. என் பேரு என்னன்னுகூட அதுக்குத் தெரியாது."

"அந்தச் சாவியைத் தொலைச்சுட்டு நீங்க பால்கனி வழியா ஏறிக் குதிச்சதை மறந்துட்டீங்களே."

"குதிச்சேன், உள்ள போனேன். யார்கிட்டயும் ஒப்புதல் கேக்கலையே டாக்டர்."

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் நிபந்தனை சார். "இங்க பாருங்க, நாம எப்பெப்ப வெளிய போறோம், வர்றோம்ங்கிற விவரத்தை மூணாவது ஆளுங்களுக்குக் கொடுப்பானாம். 'சேவையை மேம்படுத்த'வாம்! இந்த வார்த்தையெல்லாம் என்கிட்டயேவா? நானே எத்தனை தரம் எழுதியிருக்கேன்!"

கேக்கம்மா இதில் எதையும் கேட்கவில்லை. கதவிடுக்கில் மூக்கை வைத்து நின்றிருந்தாள். மாவு வேகும் வாசனை அடங்கி, ஓரம் பொன்னிறமாகும் வாசனை எழுந்தது. அதை அவளுக்குக் கடிகாரம் சொல்ல வேண்டியதில்லை.

"இப்ப எடுக்கணும்" என்றாள். "ஏங்க, இந்த நிமிஷம் எடுக்கணும்."

"இன்னும் பாதிகூட வரலைம்மா."

"எங்கிட்ட சுத்தியல் இருக்கு" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

நிபந்தனை சார் பதறி எழுந்து கதவை மறித்துக்கொண்டார். "உடைச்சா உத்தரவாதம் போயிடும்! அதுவும் போட்டிருக்கான்!"

எதிர்வீட்டு அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பூட்டின் மேல் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, கேக்கம்மாவிடம் கொடுத்தாள். நெடுநேரம் இசை வந்தது. நடுவில் ஒரு குரல், "நீங்கள் காத்திருக்கும் நேரத்தில், உங்கள் பூட்டின் பெயரில் நடப்பட்ட மரத்தின் நலம் அறிய ஒன்றை அழுத்தவும்" என்றது. பல் டாக்டர் ஆர்வத்தோடு விரலை நீட்டினார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

கடைசியில் ஒரு மனிதக் குரல் வந்தது. களைத்த பெண் குரல்.

"மேடம், உங்க ரேகை பதிவாகியிருக்கு. ஆனா நீங்க ஒப்புதல் கொடுக்க முடியாதுங்க."

"ஏம்மா? நான் இந்த வீட்டுலதான் இருக்கேன்."

"பதிவு பண்ணும்போது வீட்டு உரிமையாளர், குடும்ப உறுப்பினர், விருந்தினர்னு மூணு கேக்கும். குடும்ப உறுப்பினர்னு போட்டிருந்தாலே நீங்க அழுத்தியிருக்கலாம். உங்களை விருந்தினர்னு போட்டிருக்கு."

"யார் போட்டது?"

"உரிமையாளர்தாங்க."

கருத்து சொல்வதையே தொழிலாக வைத்திருந்த டாக்டர்கூடச் சுவரைப் பார்த்தார்.

"அது உன் நல்லதுக்குத்தான்" என்றார் நிபந்தனை சார். "உறுப்பினர்னு போட்டா உன் விவரமெல்லாம் கம்பெனிக்குப் போயிடும். அதான் யோசிச்சு..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உனக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதுக்குன்னு..."

பொடி எழுத்துக் கம்பெனிகளுக்கு எதிரான மனுவுக்காகப் பத்து வீட்டுக் கதவு தட்டி, 'ஜனங்களைக் கேக்காம அவங்க பேர்ல முடிவெடுக்க இவனுங்க யாரு' என்று முழங்கிக் கையெழுத்து வாங்கிய மனுஷன். அந்தக் காகிதங்களைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே படியேறி இறங்கியவள் அவள். கல்யாணமாகி இவ்வளவு காலம் சமைத்து, பெருக்கி, அவர் தள்ளி வைத்த சோப்பையெல்லாம் தேய்த்துத் தீர்த்த வீட்டில் அவள் வந்து போகிறவள். கோபம் வந்தது. கோபத்தைவிட வெட்கமாக இருந்தது, இதை ஒரு பூட்டு சொல்லித் தெரிந்துகொண்டோமே என்று.

அதற்குள் கருகல் நாற்றம் வந்துவிட்டது. கதவிடுக்கில் மெல்லிசாகப் புகை.

"சார், மேல என் வீடு இருக்கு!" என்று டாக்டர் அலறினார். "தீப்பிடிச்சா என்ன ஆகிறது? காப்பீடு இருக்கா இல்லையா?"

நிபந்தனை சார் முகம் வெளுத்தது. காப்பீடு இருந்தது. அவர் நிறுவனத்தில்தான் எடுத்திருந்தார். ஆள் இல்லாத அடுப்பிலிருந்து கிளம்பும் தீக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அதை எழுதியவர் யார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அந்த ஒரு வரிக்காக மேலதிகாரி தோளில் தட்டிப் பாராட்டியிருந்தார்.

மிச்சப் பக்கங்களை ஒரே இழுப்பில் தள்ளிவிட்டு, 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினார். ஒன்றுக்கு மூன்று தடவை அழுத்தினார்.

"நன்றி" என்றது பூட்டு. கதவு திறந்தது.

ஓவனை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, டின்னை வெளியே எடுத்தாள் கேக்கம்மா. கரிக்கட்டை. கத்தியால் தட்டினால் டங்கென்றது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

நிபந்தனை சார் அதற்குள் சுறுசுறுப்பாகிவிட்டார். "அதை அப்படியே கையில பிடி. ஒரு படம் எடுத்துக்கிறேன். இவனைச் சும்மா விடக் கூடாது. கார்ப்பரேட் அலட்சியத்தால் கருகிய கேக்! ஊரே பேசும் பாரு."

அவள் டின்னைக் கீழே வைத்தாள். போனை எடுத்துக் காபிக்கடைக்காரம்மாவிடம் உள்ளதைச் சொன்னாள். கருகிப் போச்சுங்க. அந்த அம்மா, "சாயங்காலக் கூட்டத்துக்குள்ள கொண்டா. அதுக்கு மேலன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்றார்.

போனை வைத்துவிட்டுக் கணவரிடம் வந்தாள்.

"பூட்டுல என்னைக் குடும்ப உறுப்பினர்னு மாத்துங்க. இப்பவே. உங்க போன்லதானே இருக்கு."

"அதுக்கென்ன, தாராளமா!" என்றார். மனசாரத்தான் சொன்னார். போனை எடுத்துத் தட்டினார். தட்டிய விரல் நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இரு. உறுப்பினரைச் சேர்க்கிறதுக்குத் தனி நிபந்தனை போட்டிருக்கான். ஒரு தடவை படிச்சுட்டு..."

அவள் அவரைப் பார்த்தாள். இந்த மனுஷன் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"படிங்க" என்றாள். "நிதானமாப் படிங்க."

மாவு டப்பா, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, தராசு எல்லாவற்றையும் ஒரு கூடையில் அடுக்கினாள். எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே நின்று கூடையை வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டு ஓவன் ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருந்தது.

நிபந்தனை சார் போனும் கையுமாக வாசல்வரை வந்தார். "எப்ப வருவே?"

"விருந்தாளியைப் பார்த்து எப்பக் கிளம்புவீங்கன்னு கேட்டாத்தான் தப்பு" என்றாள் அவள். "எப்ப வருவீங்கன்னு கேக்கலாம். ஆனா சொல்லியாகணும்னு இல்லை."

எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நிபந்தனை சார் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.